முந்தியில் விழுந்த சாவி

பூவையும் இலையையும் துணியில் பதிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த இலைக்கா நல்லா ஒட்டும்?" என்பதுதான். தேக்கு ஒட்டும், ரோஜா இலை ஒட்டும், கொய்யா ஒட்டும் என்று சொல்லிவிடலாம். அதைவிட முக்கியமான கேள்வியை யாரும் கேட்பதில்லை. துணியைச் சுருட்டும் நேரத்தில் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. அது எனக்குப் புரிந்த விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். மாமாவிடமே கேட்டேன். "எழுது தாயி. ஆனா என்னைய நல்லவனா எழுது" என்றார். முயல்கிறேன்.

1. பூவை அடித்த நாள்

பாப்பா தவழத் தொடங்கிய சமயம். நாங்கள் நாகல் நகரில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம், இப்போதும் அங்கேதான். நான் பி.எஸ்ஸி. வேதியியல், பி.எட். படித்தவள். பாப்பாவை விட்டுவிட்டு வேலைக்குப் போகவும் மனம் வரவில்லை, சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. காந்திகிராமம் பக்கம் ஒரு பயிற்சி வகுப்பில், பறித்த இலை, பூவின் சாயத்தை நேரடியாகத் துணியில் ஏற்றச் சொல்லித் தந்தார்கள். போய் வந்தேன். கடைசி நாள் திரும்பும்போது ஒரு சின்னச் சுத்தியல் வாங்கி வந்தேன்.

முதல் பாடம் எளிது. வெள்ளைத் துணியைப் பலகைமேல் விரித்து, பூவைக் கவிழ்த்து, மேலே ஒரு தாளை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். சாறு இறங்கிப் பூவின் வடிவம் அப்படியே துணியில் பதியும். மெதுவாகத் தட்டினால் பதியாது. ஓங்கி அடித்தால் கூழாகிவிடும். அந்த நடு அளவு எனக்குப் பிடிபடுவதற்கு முன்பே கீழ்வீட்டிலிருந்து ஓனர் படியேறி வந்துவிட்டார்.

"ஏம்மா, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு குடி வரும்போதே சொன்னேன்ல?"

"ஆணி இல்லண்ணே. பூ."

அவர் என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். பலகையில் நசுங்கிக் கிடந்த செண்டுமல்லியைப் பார்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த பாப்பாவை, ஏதோ அவளுக்கும் அடி விழுந்திருக்கலாம் என்பதுபோல் பார்த்தார்.

"பூவை எதுக்கும்மா அடிக்கிறீங்க? அது என்ன பண்ணுச்சு?"

 நாற்காலியில் இருந்த மாமாதான் பேசினார். மாமா என் கணவரின் அப்பா. பூட்டுப் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்ந்தவர். அத்தை இல்லை. என் கணவர் மருந்துக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். ஆகவே பகலில் வீட்டில் பாப்பா, நான், மாமா, மூவர்தான்.

"விடுங்கப்பு" என்றார் மாமா. "நாங்க காலம்பூரா இரும்ப அடிச்சோம். அப்ப ஒருத்தரும் வந்து கேக்கல. எங்க வீட்டுக்கு வந்த புள்ள பூவ அடிக்குது. அதுக்குப் போயி மாடி ஏறி வாறீங்களே."

ஓனர் இறங்கிப் போனார். மாமா எனக்காகப் பேசினார் என்று நெகிழ்ந்துவிட்டேன். அவர் திரும்பி, "சத்தம் எனக்கும் காது வலிக்குதுதான்" என்றார்.

2. தலைமாட்டுச் சாவி

சாவியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பாப்பா பிறந்த நாள் முதல் அவள் தலைமாட்டில் ஓர் இரும்புச் சாவி இருந்தது. மாமா தம் கையால் செய்த பழைய பூட்டின் சாவி அது. விரல் நீளம், தலையில் வட்டமாக ஒரு வளையம், அடியில் இரண்டு பல். பூட்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. சின்னக் குழந்தையைத் தனியாகத் தூங்க வைத்தால் பக்கத்தில் இரும்பு வைக்க வேண்டும், காத்து கருப்பு அண்டாது, கண்ணும் படாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சில வீட்டில் அரிவாள்மனை, சில வீட்டில் பாக்குவெட்டி. பூட்டுக்காரர் வீட்டில் சாவி.

நான் எதிர்த்தேன். துரு, கிருமி, பாப்பா வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று முறையாகக் காரணம் சொன்னேன். மாமா சாவியைத் துணியில் சுற்றித் தைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். ஒரு நாள் அவர் டீ குடிக்கப் போனபோது அதை எடுத்து அலமாரியில் போட்டேன். அன்று பாப்பா மத்தியானம் இரண்டு தடவை தும்மினாள். தும்மலுக்கும் சாவிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவளுக்கு இரண்டு வயதான பிறகும் சாவி அங்கேயே இருந்தது. தையல்தான் எப்போதோ பிரிந்து, துணி எங்கேயோ போய்விட்டது.

3. இரும்புக்குத் தடை

சுத்தியலில் கைக்குட்டை, குழந்தைச் சட்டை என்று போட்டுப் பழகிய பிறகு ஆவி வைக்கும் முறைக்கு வந்தேன். துணியை அலசிப் படிகாரத் தண்ணீரில் ஊற வைத்து, ஈரம் போகாமல் விரித்து, இலைகளை நரம்புப் பக்கம் கீழே இருக்குமாறு அடுக்கி, மடித்து, மூங்கில் கழியில் இறுக்கிச் சுருட்டி, நூலால் வரிந்து கட்டி, இட்லிக் கொப்பரையில் ஆவியில் வேக வைக்க வேண்டும். ஆற விட்டு அவிழ்த்தால் ஒவ்வோர் இலையும் தன் நரம்போடு துணியில் கிடக்கும். முதல்முறை அவிழ்த்தபோது எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் முறையும் வந்தது. ஆனால் அது ஒன்றுமே பதியாததால்.

இந்த வேலையில் இரும்புதான் பொல்லாதது. இலையில் இருக்கும் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு மையாகிவிடும். அளவாகச் சேர்த்தால் ஓரங்கள் எடுப்பாக இருக்கும். தெரியாமல் சேர்ந்தால் துணி போச்சு. ஒரு துப்பட்டாவில் கொண்டை ஊசி ஒன்று அகப்பட்டு, பூக்களுக்கு நடுவே கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் சட்டம் போட்டேன். வேலை நடக்கும் அறைக்குள் ஆணி வரக் கூடாது, ஊக்கு வரக் கூடாது, கொண்டை ஊசி வரக் கூடாது.

"இரும்பால சோறு தின்ன வீடு இது" என்றார் மாமா. "இப்ப இரும்பு உள்ள வரக் கூடாதாம்."

"கோவிச்சுக்காதீங்க மாமா. துணிக்கு ஆகாது."

"துணிக்கு ஆகாது, சரி. துணியப் பாக்குறவுக கண்ணுக்கு என்ன செய்வ?"

நான் படிகாரம் கரைக்கப் போய்விட்டேன். அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

4. டீச்சர் வீட்டுத் தோட்டம்

ஸ்டெல்லா டீச்சர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என்னிடம் கைக்குட்டை வாங்கியவர். அவர் மகள் ரெஜினாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாதா கோயிலில் திருமணத்துக்கு வெள்ளைச் சேலை. சாயங்கால வரவேற்புக்கு மட்டும் தங்கள் வீட்டுத் தோட்டத்து இலையும் பூவும் பதித்த பட்டுச் சேலை வேண்டும் என்று ரெஜினா ஆசைப்பட்டாள். சந்தன நிறத்தில் ஒரு பட்டுச் சேலையை டீச்சர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை நான் முழுப் பட்டுச் சேலையைத் தொட்டதில்லை. அடுத்தவர் கல்யாணச் சேலையைத் தொட்டதே இல்லை.

அதே நேரத்தில் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் டீச்சர் வேலை காலியாக இருப்பதாக என் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். தினமும் போன்.

"என்னடி, சரின்னு சொல்லிட்டியா?"

"யோசிக்கிறேம்மா."

"எலைய வேக வைக்கவா உன்னைய அம்புட்டுக் கஷ்டப்பட்டுப் படிக்க வச்சோம்?"

திங்கட்கிழமைக்குள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் என் கணவரிடம் சொன்னேன்: "டீச்சரோட சேலை நல்லா வந்தா இதையே தொழிலா செய்றேன். கெட்டுப்போனா ஸ்கூலுக்குப் போயிர்றேன்." அவர், "சரி" என்றார். "எது சரி?" என்று கேட்டேன். "ரெண்டுமே" என்றார். ஊர் சுற்றி விற்பனை செய்கிறவர் அப்படித்தான் பேசுவார். வேலையில் சேருகிறேன் என்று போனில் மெசேஜ் தட்டி, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். கெட்டுப்போனால் அழுதுகொண்டே தட்ட வேண்டியிருக்கும், எழுத்துப் பிழை வரும் என்ற முன்யோசனைதான்.

சனிக்கிழமை காலை டீச்சர் ஒரு கூடை நிறைய இலையும் பூவும் கொண்டுவந்து கொட்டினார். ரோஜா இலை, ரோஜாப்பூ, கொய்யா இலை, தேக்கங்கொழுந்து. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பும் மஞ்சளுமாகக் குரோட்டன்ஸ்.

"குரோட்டன்ஸ் ஒட்டாது டீச்சர்."

"ஏன்? இதுலதான கலரு இம்புட்டு இருக்கு?"

"பாக்கத்தான் கலரு. துணியில ஒண்ணும் இறங்காது. இந்தக் கொய்யா இலை பாக்க ஒண்ணுமில்லாம இருக்கு, ஆனா நல்லாப் பதியும்."

டீச்சர் குரோட்டன்ஸைக் கையில் எடுத்து, வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பெயிலான பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சரி, சிவப்பு ரோஜா வச்சா சிவப்பா வரும்ல?"

"இல்ல டீச்சர். ஊதா மாதிரி வரும். சாம்பலாவும் வரலாம்."

"அப்ப ஊதாவா வரணும்னா?"

"சிவப்பு ரோஜாதான் வைக்கணும்."

"ஏம்மா கவிதா, இதெல்லாம் தெரிஞ்சுதான செய்ற?" என்றார் டீச்சர். அன்று முழுக்க நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. வீட்டு வாசல்படி இறங்கும்போது திரும்பி, "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ரெஜினாவையும் கூட்டிட்டு வாரேன். நல்லா வரும்மா, செபம் பண்ணிக்கிறேன்" என்றார்.

5. சுத்தியலைக் காணோம்

சேலைக்கு ஆவி. ரவிக்கைத் துணிக்குச் சுத்தியல். சேலையில் பாதி இலையை அடுக்கியதும், நடுவில் ரவிக்கையை முடித்துவிடலாம் என்று பார்த்தால் சுத்தியலைக் காணோம். பெட்டியில் இல்லை, சமையலறையில் இல்லை, பாப்பாவின் பொம்மைக் கூடையில் இல்லை.

"மாமா, என் சுத்தியலப் பாத்தீங்களா?"

"இருக்கும் தாயி, எங்கயாச்சும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

வைத்த இடத்தை மறந்துவிட்டேன், தூக்கம் போதாது, இரும்புச் சத்து குறைந்திருக்கும், இந்த நிலைமையில் கல்யாணச் சேலை வேறு என்று என்னை நானே திட்டிக்கொண்டு அம்மிக் குழவியைத் தூக்கி வந்தேன். பூவைத் துணியில் வைத்துக் குழவியின் முனையால் இடித்தேன். சத்தம் கேட்டு இந்தத் தடவை ஓனரம்மா வந்தார்.

"பூவத்தான் அடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவராகவே உள்ளே வந்து, சேலை விரித்திருந்த அறை வாசலில் நின்றார். நான் அதற்குள் பாதிச் சேலையில் இலைகளை அடுக்கிவிட்டிருந்தேன். "அடேங்கப்பா! எம்புட்டு அழகா இருக்கு!" என்றார். ஒரு பெருமூச்சு விட்டார். பெருமூச்சு உண்மையில் படியேறி வந்ததால் வந்தது. அவருக்கு முட்டுவலி. ஆனால் மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

ஓனரம்மா போன பிறகு சேலை முழுவதும் இலை அடுக்கி முடித்து, மடித்து, உடல் பக்கத்திலிருந்து சுருட்டத் தொடங்கினேன். இன்னும் முந்திதான் பாக்கி. உள்ளே பாப்பா விழித்து அழுதாள். போய்த் தூக்கித் தட்டிக் கொடுத்துத் திரும்பத் தூங்க வைத்துவிட்டு வந்தேன். மாமா அறை வாசலில் காவல் நிற்பதுபோல் நின்றிருந்தார்.

"உள்ள போனீங்களா மாமா?"

"நான் எதுக்குப் போறேன்? பாத்துக்கிட்டு இருந்தேன்."

முந்தியையும் சுருட்டினேன். ஓரிடத்தில் விரலுக்கு மேடாகத் தட்டியது. கொய்யாக் காம்பு என்று நினைத்தேன். பிரித்தால் இலைகள் நகர்ந்துவிடும். கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா, பாப்பாவுக்கு மருந்து கொடுத்தோமா என்று ஒவ்வொன்றையும் மூன்று தடவை பார்க்கிறவள் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தைச் சந்தேகப்படாமல் விட்டேன். அது அந்த மேடு.

6. அவிழ்த்தபோது

ஞாயிறு காலை, ஆறிப்போன சுருளை அறை நடுவில் வைத்து நூலை அறுத்தேன். மாமா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். முதல் சுற்றைப் பிரித்ததும் ஏதோ ஒன்று தரையில் 'ணங்' என்று விழுந்து உருண்டது.

சாவி.

பாப்பாவின் தலைமாட்டுச் சாவி. ஈரத்தில் கறுத்துப் பளபளவென்று இருந்தது. நான் முந்தியை விரித்தேன். அதன் ஓரத்தில், ரோஜா இலைகளுக்கு நடுவே, விரல் நீளத்தில் ஒரு சாவி. வளையம், தண்டு, இரண்டு பல், எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் கன்னங்கரேலென்று இருந்தது. அதோடு போகவில்லை. இரும்புச் சாறு அடுத்தடுத்த சுற்றுக்கும் ஊறியிருந்தது. பக்கத்தில் கொஞ்சம் மங்கலாக இன்னொரு சாவி. அதற்கும் பக்கத்தில் புகைபோல் மூன்றாவது. ஆக மொத்தம் ஒரு சாவிக்கொத்து.

மற்ற இடமெல்லாம் நான் இதுவரை போட்டதிலேயே நன்றாக வந்திருந்தது. தேக்கங்கொழுந்து ஊதாவும் சிவப்புமாக இறங்கியிருந்தது. கொய்யா நரம்பு ஒவ்வொன்றும் எண்ணலாம்போல் இருந்தது. 

"அட, சாவி வந்துருச்சா?" என்றார் மாமா. "இப்பத்தான் நெனச்சேன், எடுக்கணுமேன்னு."

"நீங்களா வச்சீங்க?"

"பின்ன? கீழ்வீட்டம்மா வந்து நின்னு பெருமூச்சு விட்டுட்டுப் போச்சு. நீ பாட்டுக்குப் பாப்பா அழுகுதுன்னு ஓடிட்ட. கல்யாணச் சேல கேப்பாரில்லாமக் கெடக்குது. அதான் முந்தியில செருகி வச்சேன். பாரு, ஒரு கண்ணு ஒட்டல. எம்புட்டு அழகா வந்துருக்கு."

"இரும்பே உள்ள வரக் கூடாதுன்னு சொன்னேனே மாமா!"

"ஆணி, ஊக்கு, கொண்ட ஊசின்னு சொன்ன. சாவின்னு நீ சொல்லலியே தாயி."

அப்போது நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? சேலைக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்க வேண்டும். டீச்சருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்க வேண்டும். வேதியியல் படித்த, மூடநம்பிக்கை கூடாது என்று மாமாவுக்குப் பலமுறை எடுத்துச் சொன்ன நான் கேட்டது இதுதான்:

"அப்ப நேத்துல இருந்து பாப்பா தலமாட்டுல என்ன இருந்துச்சு?"

"சும்மா விடுவேனா?" என்றார் மாமா. "இங்க நீ இலை எடுத்து வைக்கத் தொடங்குனப்பவே, இன்னிக்கு இந்தச் சாவிக்கு வேற சோலி வரும்னு தெரியும். ஒஞ்சுத்தியல எடுத்து வச்சுட்டேன்."

போய்த் தலையணையைத் தூக்கினேன். சுத்தியல் இருந்தது. பாப்பா அதன்மேல் இரவு முழுதும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

எலுமிச்சைச் சாறு இரும்புக் கறையை எடுக்கும். படித்தது, பார்த்ததும்கூட. மூன்றாவது மங்கல் சாவியின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். சாவியின் பல் மறைந்தது. கூடவே பக்கத்து ரோஜா இலையின் பாதியும் மறைந்தது. நிறுத்திக்கொண்டேன். கறுப்புச் சாவியை முழுக்க எடுத்தால் அந்த இடத்தில் வெள்ளைச் சாவி நிற்கும், அவ்வளவுதான்.

அலசி, நிழலில் காயப் போட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். பள்ளிக்குத் தட்டி வைத்த மெசேஜைத் திறந்தேன். எழுத்துப் பிழை இல்லை. அனுப்புகிற இடத்தில் விரலை வைக்கப் போகும்போது படியில் டீச்சரின் குரல் கேட்டது.

7. சாவி யாருடையது

டீச்சரும் ரெஜினாவும் பூசை முடிந்து நேரே வந்திருந்தார்கள். ரெஜினா கோயம்புத்தூரில் நர்ஸ். அவர்கள் உட்காரும் முன்பே நான் பேசத் தொடங்கிவிட்டேன். சாவி, இரும்பு, துவர்ப்பு, கண்ணேறு, சுத்தியல் என்று எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். சேலைக்குப் பதில் வேறு சேலை வாங்கித் தருவதாகச் சொன்னேன். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "மொதல்ல சேலையக் காட்டும்மா" என்றார்.

காட்டினேன். டீச்சரின் முகம் முதலில் மலர்ந்தது. "எங்க வீட்டுக் கொய்யா!" என்றார். "தேக்கப் பாருடி!" என்றார். பிறகு முந்திக்கு வந்தார்.

"இது என்ன?"

"சாவி டீச்சர்."

"சாவின்னு தெரியுது. முந்தியில போயா சாவி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கறை என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். வீட்டுச் சாவியை முந்தியில் முடிந்து வைத்திருப்பவள்தான் அந்த வீட்டை ஆளுகிறவள். டீச்சர் கண்ணுக்குத் தெரிந்தது கறை அல்ல.

"வாழப் போற மொத நாளே முந்தியில சாவிக்கொத்தோட போயி நின்னா சம்பந்தியம்மா என்ன நெனைப்பாங்க? வந்ததும் வராததுமா எஞ்சாவியப் புடுங்க வந்துட்டான்னு நெனைக்க மாட்டாங்க?"

ரெஜினா முந்தியைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று முந்தியை வாங்கக் கை நீட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பரா இருக்கும்மா! எனக்கு இதுதான் வேணும்."

"வாய மூடுடி. கவிதா, இத மறைக்க ஏதாச்சும் வழி இருக்கா? மேல ஒரு எலைய கிலைய வச்சு?"

"அம்மா, யாராச்சும் எதாச்சும் வச்சீங்கன்னா இந்தச் சேலையவே கட்ட மாட்டேன்."

"சம்பந்தியம்மா கோவிச்சுக்கிட்டா?"

"அவங்களையே கேட்டுருவோம்" என்று ரெஜினா போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். டீச்சர் பதறி எட்டிப் பிடிக்கப் போனார். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம், காய்கறி வியாபாரம். திரையில் ஒரு நெற்றியும், பின்னால் தக்காளிப் பெட்டிகளும் தெரிந்தன.

டீச்சர் போனை வாங்கி, "அது ஒண்ணுமில்ல சம்பந்தி, சின்னக் கறை, எடுத்துரலாம்" என்று தொடங்கினார். ரெஜினா முந்தியைத் திரைக்கு முன்னால் பிடித்தாள்.

திரையில் நெற்றி போய்க் கண் ஒன்று கிட்டே வந்தது.  மாமா மட்டும் தள்ளி நின்று, "அச்சு அசல், பல்லுகூட சரியா விழுந்துருக்கு" என்று தம் வேலைப்பாட்டைத் தாமே மெச்சிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சம்பந்தி" என்றது குரல். "இது சாவிதானுங்களே?"

"ஆமா சம்பந்தி, அது தெரியாம…"

"இதேமாதிரி எனக்கொண்ணு போட்டுத் தரச் சொல்ல முடியுங்களா?"

டீச்சர் போனைக் காதுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"எங்க வீட்டுப் பீரோ சாவி இன்னும் எங்க மாமியாருகிட்டத்தானுங்க இருக்குது" என்றார் அந்த அம்மாள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "நானுங் கேட்டுக் கேட்டு ஓஞ்சு போயிட்டனுங்க. நெசச் சாவிதான் கெடைக்கல, சேலையிலயாவது இருக்கட்டுமுங்க. வரவேற்புக்கு ரெண்டு பேருமே கட்டிக்கறோம். எம் மருமகளுக்கு மூணு சாவின்னா எனக்கும் மூணு வேணுமுங்க. கொறையக் கூடாது."

8. மூன்று சாவி

தவறிப் பதிந்ததை வேண்டுமென்று பதிப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த இரண்டாவது சேலையில் தெரிந்தது. ஒத்திகைத் துணிகளில் ஒரு தடவை சாவி குழம்பி எலி வால்போல் வந்தது. ஒரு தடவை ஒரே சாவிதான் விழுந்தது. ஈரம் எவ்வளவு, இறுக்கம் எவ்வளவு, துருவை எந்த அளவுக்குத் தேய்ப்பது என்று நானும் மாமாவும் தினமும் சண்டை போட்டோம். சாவியை வைக்கும் உரிமை தமக்கு மட்டும்தான் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு தடவை கெட்டபோதும், "பெருமூச்சு விட ஆள் இல்லாம வச்சா எப்படி வரும்?" என்றார். கடைசியில் ஓனரம்மாவைக் கூப்பிட்டு வந்து வாசலில் நிறுத்தினார். அந்தத் தடவை மூன்று சாவியும் விழுந்தன. அன்று ஈரம் சரியாக இருந்தது என்பது என் கருத்து.

பள்ளிக்கு அந்தத் திங்கட்கிழமை வேறு மெசேஜ் அனுப்பினேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு போன் செய்து, "அந்தச் சாவிச் சேலை எனக்கு ஒண்ணு போடுவியாடி?" என்று கேட்டாள். என் பிறந்த வீட்டில் பீரோ சாவி எப்போதும் அம்மாவிடம்தான். எதற்கு அவளுக்கு என்று நான் கேட்கவில்லை.

இதில் நான் கற்றது என்ன என்று கேட்டால், இவ்வளவுதான். சுருட்டும்போது மேடு தட்டினால் பிரித்துப் பாருங்கள். இலைகள் நகர்ந்தால் நகரட்டும். தடை விதிக்கும்போது ஆணி, ஊக்கு என்று தனித்தனியாகச் சொல்லாதீர்கள், இரும்பு என்று மொத்தமாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் வீட்டுப் பெரியவர்களின் சட்டைப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போனது என்று நீங்களே முடிவு கட்டி, கட்டப் போகிறவர் பார்க்கும் முன்பே வேறு வேலைக்கு மெசேஜ் அனுப்பிவிடாதீர்கள்.

சாவி இப்போது வேலைச் சாமான்களோடு பெட்டியில் இருக்கிறது. அதனால் பாப்பாவின் தலைமாட்டில் சுத்தியல் நிரந்தரமாகிவிட்டது. எனக்கு வேலைக்கு வேறு சுத்தியல் வாங்கிக்கொண்டேன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பழைய சுத்தியல் தட்டுவதற்கு இன்னும் வாகாக இருக்கும் என்று தெரிந்தும், அதை அங்கிருந்து நான் எடுக்கவில்லை.